கோதுமை வயலுக்கு அடியில் பழைய அகழி: ட்ரோன் படத்தில் ஒன்றும் தெரியவில்லை, எங்கே கோளாறு?

வரப்போரம் (கேள்வி)

வணக்கம். ஆற்றையொட்டிய சரளை மேட்டில் சுமார் 9 ஹெக்டேர் கோதுமை வயல். பழைய வான்படம் ஒன்றில் வளைந்த கருங்கோடு மங்கலாகத் தெரிகிறது. உழவின்போது பானையோடுகளும் மேலே வருகின்றன. அகழி சூழ்ந்த குடியிருப்பாக இருக்கலாம் என்பது சந்தேகம். நில உரிமையாளர், ட்ரோன் பறக்க அனுமதி தருபவர்கள், தொல்லியல் துறை ஆகிய மூன்று இடங்களிலும் எழுத்துப்பூர்வமாக ஒப்புதல் வாங்கியாயிற்று.

கருவி மேவிக் 3 மல்ட்டிஸ்பெக்ட்ரல் (அண்மை அகச்சிவப்பு உட்படப் பல அலைவரிசைகளைத் தனித்தனியாகப் படமெடுக்கும் ட்ரோன்), இருப்பிடத்தைச் சென்டிமீட்டர் அளவில் பதியும் ஆர்டிகே வசதியுடன். 60 மீட்டர் உயரம், உச்சி வெயில் நேரம், அடுத்தடுத்த படங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் அளவு (ஓவர்லேப்) முன் 70, பக்கம் 60 சதவீதம். பயிர் தண்டு நீளும் பருவத்தில் இருந்தது. அதற்குச் சற்று முன்புதான் நல்ல மழை. வெப்ஓடிஎம் மென்பொருளில் படங்களை இணைத்து என்டிவிஐ (சிவப்பு, அண்மை அகச்சிவப்பு ஒளிகளை ஒப்பிட்டுப் பயிரின் பசுமையைக் காட்டும் குறியீடு) எடுத்தால் வயல் முழுக்க ஒரே பச்சை. கண்ணில் பட்ட கோடுகள் எல்லாம் இரட்டை இரட்டையாக, ஒரே இடைவெளியில் ஓடுகின்றன.

எப்போது பறக்க வேண்டும்? என்டிவிஐயை விட்டு வேறு குறியீட்டுக்குப் போக வேண்டுமா? வெப்பக் கேமரா இரவலாகக் கிடைக்கும், அது பயன்படுமா? கோடு தெரிந்தால்கூட அது மனிதர் வெட்டியதா, இயற்கையா என்று எதை வைத்துச் சொல்வது?

மண்ணீரம்

கேமரா சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது, நாள்தான் சரியில்லை. இந்தக் கேமராவால் நிலத்துக்கு அடியில் இருப்பதைப் பார்க்க முடியாது. பயிருக்குக் கிடைக்கும் தண்ணீரில் இடத்துக்கு இடம் உள்ள வித்தியாசத்தைத்தான் அது பார்க்கிறது. உங்கள் வயலில் அந்த வித்தியாசம் உருவாகும் முன்பே பறந்துவிட்டீர்கள்.

கணக்காகவே பார்ப்போம். சரளைக்கு மேல் 30 செ.மீ. மணற்பாங்கான மேல்மண் இருந்தால், பயிர் உறிஞ்சக்கூடிய நீர் அதில் ஏறக்குறைய 40 மி.மீ. தேங்கும். வேகமாக வளரும் பருவத்தில் கோதுமை நாளொன்றுக்கு 4 முதல் 5 மி.மீ. வரை செலவழிக்கும். ஆக, மண் நிறைய நனைந்த ஒரு மழைக்குப் பிறகு 8 முதல் 10 நாள் வரை வயலில் எல்லாச் செடிக்கும் தாராளமாகத் தண்ணீர் உண்டு. அகழியின் மேல் நிற்கும் செடிக்கும் வெறும் சரளை மேல் நிற்கும் செடிக்கும் அப்போது எந்தப் பாகுபாடும் இல்லை. மேல்மண் ஈரம் தீர்ந்த பிறகுதான் கதை மாறும். சரளை மேல் உள்ளவை வாடத் தொடங்கும். அகழியை நிரப்பிய மண் ஒரு மீட்டர் ஆழம் இருந்தால், அதன் மேல் உள்ள செடி இன்னும் 100 மி.மீ.க்கு மேல் நீரை எடுத்துக்கொண்டு உயரமாகவும் கரும்பச்சையாகவும் நின்று, தாமதமாகப் பழுக்கும். சுவர் அல்லது கல் பாவிய தளத்தின் மேல் இதற்கு நேர்மாறு: குட்டையான பயிர், சீக்கிரம் மஞ்சள்.

அதனால் நீங்கள் காலண்டரைப் பார்த்துப் பறக்காதீர்கள். கடைசி நல்ல மழையிலிருந்து தினசரி நீர்ச் செலவைக் கழித்துக்கொண்டே வாருங்கள். கணக்கு பூஜ்யத்தைத் தொடும்போது முதல் பறப்பு. அதன் பிறகு 5 முதல் 7 நாளுக்கு ஒருமுறை, அறுவடை வரை. கதிர் வெளிவரும் சமயமும், பச்சை மஞ்சளாகத் திரும்பும் சமயமும்தான் கோதுமைக்கும் பார்லிக்கும் பொன்னான நேரம். சில தடங்கள் ஒரு வாரத்துக்குமேல் தாங்காது. நடுவில் ஒரு கனமழை பெய்தால் பாதி அழிந்துவிடும், கணக்கையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஒரே நிலம் வேறு நாளில் வேறு கதை சொல்லும் என்பதற்கு இங்கிலாந்தில் மரக்கம்பங்கள் வளையங்களாக நின்ற கற்காலக் களமான உட்ஹெஞ்ச் நல்ல சாட்சி. 1925 டிசம்பரில் விமானி கில்பர்ட் இன்சால் மேலிருந்து பார்த்தபோது, உழுத நிலத்தில் ஒரு வட்டமும் உள்ளே வெண்புள்ளிகளும்தான் தெரிந்தன. 1926 ஜூலையில் கோதுமை வளர்ந்து நின்றபோது, கம்பக்குழிகள் ஒன்றுக்குள் ஒன்றாகப் பல வளையங்களாக எழுந்து வந்தன. அயர்லாந்தில் நியூகிரேஞ்ச் என்ற கற்காலக் கல்லறை மேட்டின் அருகே 2018 ஜூலையில் ட்ரோனில் சிக்கிய பெருவட்டமும் கடும் வறட்சியின் கொடை. அந்தப் பள்ளத்தாக்கு அதற்கு முன் யார் கண்ணிலும் படாத இடமில்லை, பல காலமாக ஆய்வாளர்கள் நடமாடும் உலகப் பாரம்பரியக் களம் அது.

இனி பறக்கும் முறை. 60 மீட்டரில் உங்கள் கருவியின் மல்ட்டிஸ்பெக்ட்ரல் பிக்சல் சுமார் 2.8 செ.மீ. அகழிக்கு இது தேவைக்கு மேலேயே அதிகம், 80 மீட்டருக்கு ஏற்றலாம். ஓவர்லேப்தான் போதாது. பயிர் காற்றில் ஆடும்; ஒரு படத்தில் இருந்த இலை அடுத்த படத்தில் அதே இடத்தில் இருக்காது. மென்பொருளுக்குப் பொதுப்புள்ளி கிடைக்காமல் படங்கள் இணையும் இடம் நெளியும். முன் 80, பக்கம் 75 வையுங்கள். காற்று விநாடிக்கு 5 மீட்டரைத் தாண்டினால் அன்று பறக்க வேண்டாம்.

உச்சி வெயிலும் கூடாது. செங்குத்தாகக் கீழே பார்க்கும் கேமராவின் சட்டத்துக்குள், சூரியனுக்கு நேர் எதிர்ப்புள்ளி வந்து விழும். அங்கே நிழலே தெரியாததால் வட்டமான வெளிச்சத் திட்டு ஒன்று எல்லாப் படத்திலும் உட்கார்ந்துகொள்ளும். அந்தப் படங்களை ஒன்றாகத் தைத்தால் (இணைத்தால்) வயலில் இல்லாத பட்டைகள் முளைக்கும். உங்கள் லென்சின் கோணத்துக்குச் சூரியன் 55 பாகைக்கு மேல் ஏறினாலே இது தொடங்கிவிடும். 35 முதல் 55 பாகைக்குள் இருக்கும் நேரம் பாதுகாப்பு. வானம் முழுக்கத் தெளிவாகவோ முழுக்க மூடியோ இருக்கலாம், துண்டு மேகங்கள்தான் ஆகாது. புறப்படும் முன்னும் இறங்கிய பின்னும் ஒளி அளவீட்டுத் தகட்டை (எவ்வளவு ஒளியைத் திருப்பும் என்று முன்பே அளந்து வைத்த சாம்பல் நிறத் தகடு) படமெடுங்கள். உங்கள் நிழலோ ட்ரோனின் நிழலோ தகட்டின் மேல் விழக்கூடாது. இது இல்லாமல் இந்த வாரப் படத்தையும் போன வாரப் படத்தையும் எண்ணளவில் ஒப்பிட முடியாது.

ஆர்டிகே இருந்தாலும் வயலோரத்தில் 5 தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளை (இருப்பிடம் துல்லியமாக அளந்த, படத்தில் தெரியும் குறிகள்) நிலையாக அடித்துவிடுங்கள். நாலைந்து முறை பறந்த படங்கள் ஒன்றன்மேல் ஒன்று 5 செ.மீ.க்குள் பொருந்தினால்தான் பின்னால் கழித்துப் பார்க்க முடியும். பறக்கும் திட்டத்தையும் சேமித்து அப்படியே திரும்ப ஓட்டுங்கள்.

பச்சைக்கோடு

மண்ணீரம் சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எடுத்த படத்தையும் தூக்கிப் போட்டுவிட வேண்டாம், காட்டிய விதத்திலும் சிக்கல் இருக்கலாம்.

என்டிவிஐ அடர்ந்த பயிரில் திணறும். நிலப்பரப்பைப் போல மூன்று மடங்கு இலைப்பரப்பு வந்துவிட்டால், அதற்குமேல் இலை கூடினாலும் எண் அசையாது. சிவப்பு ஒளி முழுவதும் ஏற்கெனவே விழுங்கப்பட்டுவிட்டது, அவ்வளவுதான் காரணம். அந்தக் கட்டத்தில் சிவப்புக்கும் அண்மை அகச்சிவப்புக்கும் நடுவில் உள்ள சிவப்பு விளிம்பு அலைவரிசைக்குப் போங்கள். உங்கள் கருவியில் அது 730 நானோமீட்டர், அண்மை அகச்சிவப்பு 860. இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் என்டிஆர்இ. பச்சையமும் தழைச்சத்தும் சற்றே வேறுபட்டாலும் இது காட்டிக்கொடுக்கும். பயிர் பழுக்கத் தொடங்கியதும் என்டிவிஐ மறுபடி உயிர் பெறும். சுற்றிலும் மஞ்சள், அகழி மட்டும் பச்சை என்றால் சாதாரண வண்ணப்படமே போதும்.

அடுத்தது வண்ண அளவுகோல். மென்பொருள் இயல்பாக 0 முதல் 1 வரை வண்ணம் பூசும். உங்கள் வயலின் மதிப்புகள் எல்லாம் 0.86க்கும் 0.91க்கும் நடுவில் நெருக்கியடித்துக் கிடந்தால் ஒரே பச்சையாகத்தான் தெரியும். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் முதலில் வயல் எல்லையை 5 மீட்டர் உள்ளே தள்ளி வரைந்து, அதற்குள் மட்டும் வெட்டி எடுங்கள். மரமும் பாதையும் கணக்கில் நுழையக்கூடாது. பிறகு கீழே 2, மேலே 98 சதவீதத்தில் எல்லை வைத்து, புள்ளிவிவர எல்லை என்ற இடத்தில் ‘அப்டேட்டட் கேன்வாஸ்’ தேர்ந்தெடுங்கள். படத்தை நகர்த்தும்போதெல்லாம் திரையில் உள்ள பகுதிக்கேற்ப மாறுபாடு தானாகக் கூடும். மங்கலான தடங்கள் பல இதிலேயே தலைகாட்டும்.

பிக்சல் சிறியதாக இருந்தால் நல்லது என்ற நினைப்பும் வேண்டாம். 2.8 செ.மீ.யில் தனித்தனி இலையும் நிழலும்தான் கண்ணுக்கு வரும், ஒன்றரை மீட்டர் அகழி அந்த இரைச்சலில் மூழ்கிவிடும். 20 அல்லது 25 செ.மீ.க்குச் சராசரியாக்கிப் பாருங்கள். அதன் பிறகும் வயலின் ஒரு மூலை செழிப்பு, இன்னொரு மூலை வறட்சி என்ற பெரிய போக்கு கண்ணை மறைத்தால், 15 முதல் 20 மீட்டர் ஆரத்தில் மங்கலாக்கிய பிரதி ஒன்றை உருவாக்கி மூலத்திலிருந்து கழியுங்கள். மிஞ்சுவது குறுகிய தடங்கள் மட்டும்.

உயர மாதிரியையும் மறக்காதீர்கள். அதே படங்களிலிருந்து கிடைக்கும் மேற்பரப்பு மாதிரியில் அகழி மேல் உள்ள பயிர் 10 முதல் 20 செ.மீ. உயர்ந்து நிற்பது நல்ல வறட்சியில் அளவிடக்கூடிய வித்தியாசம். நிறத்தில் தெரியாத தடம் உயரத்தில் தெரிவது உண்டு. மேலே சொன்ன அதே கழித்தல் முறை இதற்கும் பொருந்தும். காற்றில்லாத நாளில் எடுத்த படமாக இருக்க வேண்டும், அவ்வளவே.

தழல்வரி

வெப்பக் கேமரா பற்றி. பயன்படும், ஆனால் எதை அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து நேரம் தலைகீழாக மாறும்.

பயிர் நிற்கும்போது: தண்ணீர் தட்டினால் செடி இலைத்துளைகளை மூடிக்கொள்ளும், நீராவி வெளியேறுவது குறையும், இலை சூடேறும். இந்த வித்தியாசம் பிற்பகலின் முதல் பாதியில் உச்சத்தில் இருக்கும். வாடும் பயிருக்கும் வாடாத பயிருக்கும் நடுவே ஒன்றிரண்டு பாகை கிடைத்தால் போதும். இலை நிறம் மாறுவதற்கு முன்பே இது தெரியும் என்பதுதான் இதன் சிறப்பு. அடுத்த மல்ட்டிஸ்பெக்ட்ரல் பறப்பை எப்போது வைப்பது என்று முடிவுசெய்ய உதவும்.

அறுவடை முடிந்து வெறும் மண்ணாகவோ குட்டைப் புல்லாகவோ இருக்கும்போது: கல்லும் மண்ணும் சூட்டை வாங்கி விடும் வேகம் வேறு வேறு. சூரியன் மறைந்த பிறகோ விடியலுக்குச் சற்று முன்போ பறக்க வேண்டும். நியூ மெக்சிகோவின் ப்ளூ ஜே குடியிருப்பில் ஜெசி கசானா குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வு இந்த வழிதான். பாலைநிலத்தில் புதைந்த கட்டிடச் சுவர்கள் ட்ரோன் வெப்பப் படத்தில் வந்தன. ஒரே இடத்தை வெவ்வேறு நேரத்தில் பறந்து ஒப்பிட்டதால்தான் எந்த நேரம் எதைக் காட்டுகிறது என்பதும் அங்கே தெளிவானது. இரவில் பறக்கத் தனி அனுமதி தேவைப்படும் நாடுகள் பல, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கெடுவது எங்கே? 640×512 பிக்சல் வெப்பக் கேமராக்கள் பெரும்பாலும் குளிரூட்டப்படாத வகை. பறக்கும்போது உணரியே சூடேறி, வெப்ப அளவு நழுவும். புறப்படும் முன் 15 நிமிடம் இயக்கி வையுங்கள். முழு வயலையும் 20 நிமிடத்துக்குள் முடியுங்கள், அதற்குமேல் போனால் நிலமே குளிர்ந்து முதல் வரிசையும் கடைசி வரிசையும் ஒத்துப்போகாது. ஒவ்வொரு பிக்சலுக்கும் வெப்ப மதிப்பு பதியும் கோப்பாகச் சேமியுங்கள். வண்ணம் பூசிய படமாகச் சேமித்தால் ஒவ்வொரு சட்டத்துக்கும் வண்ணம் தனித்தனியாக மாறி, தைத்தபின் சதுரங்கப் பலகைதான் மிஞ்சும். கேமராவின் துல்லியம் கூட்டியோ குறைத்தோ 2 பாகை என்று போட்டிருப்பதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். நமக்கு வேண்டியது பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களின் வித்தியாசம், அது 0.05 பாகை வரை தெரியும். வெப்பப் படத்தில் மென்பொருள் பிடித்துக்கொள்ளும் மூலை முனை குறைவு என்பதால் பக்க ஓவர்லேப் 80க்குக் குறையக்கூடாது.

வரப்போரம்

மூவருக்கும் நன்றி. பழைய படத்தையே 2–98 வைத்து என்டிஆர்இயில் பார்த்தேன். வடகிழக்கில் வளைந்த பட்டை ஒன்று எழுகிறது, சுமார் 4 மீட்டர் அகலம். ஆனால் வான்படத்தில் இருந்த வளைவு இது இல்லை. இதை என்னவென்று எடுத்துக்கொள்வது?

நிலப்படலம்

ஆற்றையொட்டிய சரளை மேடு என்றாலே முதல் சந்தேகம் பழைய நீரோட்டத்தின் மேல்தான் விழ வேண்டும். மண் மூடிய ஓடையும் அகழியைப் போலவே ஈரம் காக்கும், பயிரும் அதே கரும்பச்சைதான். அகலத்தை 10 மீட்டருக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். மனிதர் வெட்டியது ஏறக்குறைய ஒரே அகலத்தில் போகும், ஓரம் கூர்மையாக இருக்கும், திரும்பும் இடத்தில் திரும்புவதற்குக் காரணம் தெரியும், நுழைவாயிலுக்காக ஓரிடத்தில் விட்டுவைத்திருப்பார்கள். ஓடை வீங்கும், ஒடுங்கும், இரண்டாகப் பிரிந்து சேரும், ஓரம் கரைந்துபோயிருக்கும், சரிவைப் பின்பற்றும். பனியுகத்தில் உறைந்து வெடித்த நிலங்களில் பல்கோண வலைப்பின்னலும் வரும். வயல் எல்லைகள் என்று ஏமாற்றுவதில் அது பேர்போனது.

நீங்கள் பார்த்த இரட்டைக் கோடு டிராக்டர் சக்கரத் தடம். சக்கர இடைவெளி ஏறக்குறைய 1.8 மீட்டர், மருந்து தெளிக்கும் கையின் நீளத்துக்கேற்ப 12, 24 அல்லது 36 மீட்டருக்கு ஒருமுறை திரும்ப வரும். உரம் இருமுறை விழுந்த பட்டை, நீர்தெளிப்பான் வட்டம், மீன் முள் வடிவில் பள்ளம் நோக்கி ஓடும் வடிகால் குழாய், வயல் வயலாகத் தாண்டி நேராகப் போகும் எரிவாயுக் குழாய், பழைய வேலி, பூஞ்சை வளையம், இத்தனையையும் கழித்துவிட்டுத்தான் தொல்லியலுக்கு வர வேண்டும். ஒரு சோதனை ரொம்ப உதவும்: பக்கத்து வயலையும் சேர்த்துப் பறங்கள். இன்றைய வரப்பில் சட்டென்று நின்றால் அது இன்றைய விவசாயம். வரப்பைக் கடந்து வேறு பயிருக்குள்ளும் தொடர்ந்தால் அது மண்ணுக்கு அடியில் இருப்பது.

நிறத்தை வைத்து ‘இது சுவர், இது அகழி’ என்று பெயர் வைப்பதிலும் நிதானம் வேண்டும். மழை மிகுந்த ஆண்டில் அகழிக்குள் நீர் தேங்கி வேர் அழுகும், அப்போது அதே அகழி மஞ்சளாகத் தெரியும். நிறம் புரளும், வடிவம் புரளாது. இத்தாலியில் வயல்களுக்கு அடியில் புதைந்த ரோமானிய நகரமான அல்டினும் இதற்கு அழகான எடுத்துக்காட்டு. 2007இன் வறண்ட கோடையில் மக்காச்சோளம், சோயா வயல்களின் மேல் எடுத்த படங்களில், அண்மை அகச்சிவப்பும் சேர்த்து, சுவர்கள் வெளிறியும் கால்வாய்கள் கருத்தும் வந்தன. 2009இல் வெளியான அந்த வரைபடத்தில் அரங்கு, கோவில், தெரு, கால்வாய் என்று நகரின் அமைப்பே துலங்கியது. ஒவ்வொரு கோட்டையும் தனியாக எடுத்தால் சந்தேகம்தான். ஒன்றோடொன்று பொருந்திய ஒழுங்குதான் அதை நகரமாக்கியது.

பயிரும் எல்லாம் ஒன்றல்ல. பார்லி, கோதுமை முதல் தரம். உருளைக்கிழங்கு வரப்பு அணைத்துப் போடுவதால் உதவாது. தண்ணீர் கட்டிய நெல் வயலில் முயல வேண்டாம்: நீர்த் தட்டுப்பாடே இல்லை, சேறாக்கி மிதித்த இறுகல் அடுக்கு வேரைக் கீழே விடுவதும் இல்லை. கனத்த களிமண்ணிலும் தடம் எப்போதாவது கடும் வறட்சியில்தான் வரும். ஆகவே ‘ஒன்றும் தெரியவில்லை’ என்பதை ‘ஒன்றும் இல்லை’ என்று யாரும் அறிக்கையில் எழுதிவிடக்கூடாது. அப்படி எழுதப்பட்ட வரியை நம்பி மேலே கட்டிடம் எழும்பிவிட்டால் இழந்தது இழந்ததுதான்.

உங்கள் 4 மீட்டர் பட்டைக்கு: அறுவடைக்குப் பிறகு காந்தமானி (மண்ணின் காந்த மாறுபாட்டைத் தோண்டாமலே அளக்கும் கருவி). அரை மீட்டர் வரிசை இடைவெளியில், பட்டைக்குக் குறுக்கே 40×40 மீட்டர் கட்டம் ஒன்று போதும். அடுப்பு, சூளை, எரிந்த மண், குப்பைக்குழி எல்லாம் அதில் பேசும். சரளை எரிமலைப் பாறையாக இருந்தால் காந்தமானி குழம்பும், அங்கே மண்ணில் மின்சாரம் பாய்வதற்குள்ள தடையை அளக்கும் மின்தடை அளவி. அதன் பிறகு தொல்லியல் துறையினர் மண் துளைப்பானால் பட்டைக்குக் குறுக்கே ஒரு மீட்டருக்கு ஒன்றாக 7, 8 துளை போட்டால் அடுக்கு தெரிந்துவிடும். தெளிவாக அடுக்கிய மணலும் வண்டலும் வந்தால் ஓடை. கரி, எலும்பு, ஓடு கலந்த கருமண் வந்தால் மனிதர் வாழ்ந்த சுவடு. துளையை நீங்களாகப் போட வேண்டாம், அனுமதியின் வரம்பைப் பாருங்கள்.

ஒரு வேண்டுகோள். படத்தை இங்கே போடும்போது ஆயத்தொலைவுகளை நீக்கிவிட்டு, அடையாளம் தெரியும் சாலை, கட்டிடம் எதுவும் இல்லாமல் வெட்டிப் போடுங்கள். படக் கோப்புக்குள்ளேயே இருப்பிடத் தகவல் ஒளிந்திருக்கும், அதையும் அழியுங்கள். உலோகம் தேடும் கருவியோடு இரவில் வருபவர்களுக்கு இப்படிப்பட்ட வரைபடம் ஒன்று போதும், உழவு தொடாத ஆழத்தில் பத்திரமாக இருந்தது ஒரே இரவில் கலைந்துவிடும்.

மண்ணீரம்

இன்னொன்று விட்டுப்போயிற்று. அடுத்த பறப்பு நாளைத் தேர்ந்தெடுக்க சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தை இலவசமாகப் பார்க்கலாம், 5 நாளுக்கு ஒருமுறை வரும். 10 மீட்டர் பிக்சலில் அகழி தெரியாது, அதை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் உங்கள் சரளை மேட்டின் சராசரி என்டிவிஐ பக்கத்துக் களிமண் வயலைவிட விலகிக் கீழே இறங்கத் தொடங்கினால், மேல்மண் ஈரம் தீர்ந்துவிட்டது என்று பொருள். அந்த வாரமே பேட்டரியைச் சார்ஜ் போடுங்கள்.